மனு எழுதக் கற்பித்த மாமனிதர் இரட்டைமலை சீனிவாசன்

ஒரு சமுதாயத்தின் உயர்வை அதன் பிள்ளைகள் பெற்ற பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளந்துவிட இயலாது. பட்டம் பெற்றவர்கள் தம் தெருவின் குடிநீருக்கும், தம் ஊரின் பள்ளிக்கும், தம் மக்களின் உரிமைக்கும் எவ்வளவு தூரம் முன்வந்து நிற்கின்றனர் என்பதும் அளவுகோலேயாகும். மில்லர்புரத்தில் நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கற்ற கல்வியைப் பொதுவாழ்வுக்குப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதைத் தம் வாழ்க்கையாலேயே நமக்குக் காட்டிச் சென்ற திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வரலாற்றை இளைஞர்கள் முன் வைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

அவருடைய பெயரை நம் இளைஞர்களுள் பலர் அறிவர். வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர் என்றும், அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர் என்றும் கூறுவர். ஆயின் இலண்டனுக்குக் கப்பலேறும் முன்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் செய்த வேலை என்ன என்று வினவினால் விடை வருவது அரிது. அந்த வேலையே நமக்கு இன்று பாடமாக வேண்டியது.

இளமையும் கல்வியும்

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தையடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டையொட்டி, ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் சீனிவாசன் பிறந்தார். இரட்டைமலை என்பது அவர்தம் தந்தையாரின் பெயர். வறுமையும் சாதிக் கொடுமையும் அக்குடும்பத்தை ஊர்விட்டு ஊர் பெயரச் செய்தன. கோயம்புத்தூரில் அவர் கல்வி பயின்றார். அக்கல்லூரியில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர் என்று அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். தம்முடைய சாதி இன்னதென்று தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்ற அச்சத்தால், இடைவேளைகளில் உடன் பயில்வோருடன் கலவாமல் ஒதுங்கியிருந்து, மணியடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவது அவர் வழக்கமாயிருந்தது.

இளைஞர்கள் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருக்குப் பாடநூல் கிடைத்தது, ஆசிரியர் கிடைத்தார், தேர்வும் கிடைத்தது. ஆனால் மற்ற மாணவர்க்கு இயல்பாகக் கிடைத்த கூடிப் பேசுதல், வாதிடுதல், தலைமையேற்றல் ஆகிய பயிற்சிகள் அவருக்கு மறுக்கப்பட்டன. பொதுவாழ்வுக்கு வேண்டிய பயிற்சி வகுப்பறையில் பாதியும், வகுப்பறைக்கு வெளியே மறுபாதியுமாகவே அமைகிறது. தமக்குக் கிட்டாத அந்த மறுபாதியைத் தம் மக்களுக்குக் கிட்டச் செய்வதையே பிற்காலத்தில் அவர் தம் தொண்டாக மேற்கொண்டார் என்று கூறுவது மிகையாகாது.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனங்களில் கணக்கராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் இவருடைய சகோதரியின் கணவராவார். கணக்குப் பதிவேட்டைக் கையாண்ட அந்தப் பழக்கம், ஒன்றை ஆதாரத்தோடும் தொகையோடும் எழுதிவைக்கும் ஒழுங்கை அவருக்குத் தந்திருத்தல் கூடும். 1890இல் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

பெயரையே கொடியாக்கிய பத்திரிகை

அந்நாளில் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை அரசாங்கத்தின் கவனத்துக்கு மெல்ல மெல்ல வரத் தொடங்கியிருந்தது. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அம்மக்களின் நிலமின்மையையும் அடிமை நிலையையும் விளக்கி எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. 1893இல் அவர்களுடைய பள்ளிகளுக்குச் சிறப்பு நிதியுதவி வழங்கும் ஆணையும் வெளிவந்தது. ஆணை பிறந்தது என்னவோ உண்மை. ஆனால் அவ்வாணை பிறந்திருக்கிறது என்பதைச் சேரியில் இருந்தவனுக்கு எடுத்துச் சொல்ல யார் இருந்தனர்? படித்துக் காட்ட யார் இருந்தனர்? தரவேண்டியதைத் தராத அதிகாரியிடம் கேட்க யார் இருந்தனர்? இந்த இடைவெளியைத்தான் சீனிவாசன் கண்டார்.

1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'பறையன்' என்னும் பெயராலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். முதலில் நான்கு பக்கங்கள் கொண்ட திங்களிதழாக, இரண்டணா விலையில் அது வெளிவந்தது. முதலிதழின் நானூறு படிகள் இரண்டே நாளில் விற்றுப்போயின. மூன்று திங்களில் அது வார இதழாயிற்று. இரண்டாண்டுகளில் சொந்த அச்சுப்பொறியும் அமைந்தது. ஏழாண்டுகள் அவ்விதழ் நடைபெற்றது.

இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை ஏன் பத்திரிகைக்குச் சூட்டினார் என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. தன்னை மறைத்துக்கொண்டு வாழ்பவன் தனக்குரியதைக் கேட்க முடியாது. நான் இன்னான் என்று வெளிப்பட்டு நிற்பவனுக்கே உரிமை கேட்கும் வாய் உண்டு என்பது அவர் கருத்து. கல்லூரியில் தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று ஒதுங்கி நின்ற அதே மாணவர், முப்பது வயதைக் கடந்தபின் அப்பெயரைத் தலைப்பாக அச்சிட்டுச் சென்னைத் தெருக்களில் விற்றார். ஒரு மனிதனுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தைவிடப் பெரிய குடிமைப் பாடம் வேறொன்று இருத்தல் அரிது.

112 அடி நீள மனு

அதே 1893ஆம் ஆண்டில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. ஐ.சி.எஸ். தேர்வு அதுவரை இங்கிலாந்தில் மட்டுமே நடைபெற்றது. அதனை இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் எனக் காங்கிரஸ் மகாசபை கோரியது. சீனிவாசன் அக்கோரிக்கையை எதிர்த்தார். டிசம்பர் 23ஆம் நாள் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்றைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். உயர் பதவிகள் ஏற்கெனவே கற்றிருந்த சாதியினர்க்கே சென்று சேரும். அவர்களின் ஆட்சியில் தம் மக்கள் மேலும் நசுக்கப்படுவர் என்பதே அவருடைய வாதம்.

இந்த நிலைப்பாடு சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நாட்டு விடுதலைக்கு எதிரானது என்று கூறுவோரும், நாட்டுக்குள் இருந்த அடிமைத்தனத்தை முதலில் சுட்டிக் காட்டியது என்று கூறுவோரும் உளர். எமது கருத்தில், தொடங்கும் இடமே சமமாக இல்லாதபோது தேர்வின் வாசலை மட்டும் திறந்துவிடுவது சமநீதியாகாது என்ற அவருடைய அச்சம் காரணமற்றதன்று; பிற்காலத்தில் அரசமைப்புச் சட்டம் இடஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டதும் அந்த உண்மையை உணர்ந்தே. எனினும் அவருடைய முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் ஒருசேரக் கற்க வேண்டியது அவர் கையாண்ட முறையை ஆகும்.

அந்த 3,412 கையொப்பங்களையும் எண்ணிப் பாருங்கள். எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த காலம் அது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாசற்படி ஏற வேண்டியிருந்திருக்கும். செய்தி இன்னதென்று விளக்கியிருக்க வேண்டும். அச்சத்தைப் போக்கியிருக்க வேண்டும். தன் பெயரை ஒரு பொதுத் தாளில் முதன்முதலாகக் கண்ட மனிதன், அரசாங்கம் என்பது தன்மேல் வந்து விழும் ஒன்று மட்டுமன்று, தான் பேசக்கூடிய ஒன்றும் ஆகும் என்பதை அன்றே உணர்ந்திருப்பான். மனுவின் பயன் பாராளுமன்றத்தில் விளைந்ததா இல்லையா என்பது ஒருபுறம் இருக்க, அதில் கையொப்பமிட்ட மக்களிடத்தில் அது விளைந்தது என்பதில் ஐயமில்லை.

கடல் கடந்த ஆண்டுகள்

தம் மக்களின் குறைகளை இலண்டனிலேயே நேரில் எடுத்துரைக்க எண்ணிப் புறப்பட்ட அவர், ஆப்பிரிக்காவிலேயே நெடுங்காலம் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க மொழியின்றி நின்ற இடம் அது. அங்கு அறிமுகமான காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே என்பர். ஆயிரக்கணக்கான எளியோரின் கையொப்பங்களைத் திரட்டியவர் கைகளுக்கு இது பொருத்தமான பணியே. 1921ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார்.

பொதுச் சாலையும் பொதுக் கிணறும்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் வாக்குரிமை சொத்துடையோர்க்கே இருந்தமையால், நம் மக்களின் சார்பில் உறுப்பினர்கள் நியமனத்தின் வழியே வந்தனர். எம்.சி. ராஜா அவர்கள் முன்னரே அவ்வாறு வந்திருந்தார். 1923இல் சீனிவாசனும் உறுப்பினரானார். மறு ஆண்டே, அவர் வாழ்வின் தலைசிறந்த செயலென நாம் கருதும் தீர்மானத்தை மன்றத்தின் முன் கொணர்ந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடந்து செல்லவும், பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பிற வகுப்பாரைப் போலவே பயன்படுத்தவும் தடையில்லை என்பது அதன் சாரம். மன்றம் அதனை ஏற்றது. அரசு ஆணையாகவும் அது வெளிவந்தது.

1924ஆம் ஆண்டு எத்தகையது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டில்தான் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்து கொண்டிருந்தது. பம்பாய்ச் சட்டமன்றமும் 1923இல் பொது நீர்நிலைகளை அனைவர்க்கும் திறந்துவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. மகாத் நகராட்சி அதனை ஏற்றுத் தன் குளத்தை 1924இல் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. ஆயினும் 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று நீரள்ளிக் குடிக்கும்வரை அத்தீர்மானம் தாளிலேயே கிடந்தது. குடித்த மக்கள் தாக்கப்பட்டனர் என்பதும் வரலாறு.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. மன்றத்தில் இயற்றப்படாத உரிமையைக் கேட்டுப் பெறுவது கடினம். இயற்றப்பட்ட உரிமையும், அதனை அறிந்தவர் நடந்து காட்டாதவரை உயிர் பெறுவதில்லை. சட்டமன்றத்தில் ஒருவர் பேசினால் போதும், தெருவில் எவரும் அசைய வேண்டுவதில்லை என்று எண்ணுவதும் பிழை. தெருவில் முழங்கினால் போதும், சட்டத்தின் எழுத்தைப் படிக்க வேண்டுவதில்லை என்று எண்ணுவதும் பிழையேயாகும். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பைப் படிக்கும் மாணவன், கிணறு, குளம், சாலை, பொது இடம் என்று அங்கு வரிசையாக நிற்கும் சொற்களைக் காணும்போது, அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே சென்னையில் நம்மவர் ஒருவர் அவற்றை மன்றத்தில் எழுப்பினார் என்பதை உணர்ந்து படித்தால், அந்தப் பாடம் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நில்லாது.

வட்டமேசையும் பிற்காலமும்

1930ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்தனர். ஒருவர் நாற்பதை எட்டாத பேரறிஞர்; மற்றவர் எழுபதைத் தொட்ட முதியவர். சமக் குடியுரிமை, சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் உரிய இடம் ஆகியவற்றைக் கோரி இருவரும் இணைந்து அறிக்கை அளித்தனர். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசன் கையொப்பமிட்டார். அவ்வொப்பந்தத்தின்படி மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் ஆகிய பட்டங்கள் அவருக்கு அளிக்கப்பட்டன. 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி நூலாக்கினார். நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1945 செப்டம்பர் 18ஆம் நாள் இயற்கை எய்தினார். 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நம் கடமை

குடிமைப் பயிற்சி மக்களைப் பொதுவாழ்வுக்கு அழைத்து வரும் என்பதற்கு உலகிலும் சான்றுண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து ஜான்ஸ் தீவில், 1957இல் செப்டிமா கிளார்க் அம்மையாரின் முயற்சியால் குடியுரிமைப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்வதற்கு எழுத்தறிவைத் தடையாக வைத்திருந்த நாடு அது. அப்பள்ளியில் முதியோர் கையொப்பமிடவும், விண்ணப்பம் நிரப்பவும், சட்டப் பகுதிகளைப் படிக்கவும் கற்றனர். முதல் ஆசிரியையான பெர்னிஸ் ராபின்சன் சிகையலங்காரத் தொழில் செய்தவர். அவ்வகைப் பள்ளிகள் தென் மாநிலங்களெங்கும் பரவிப் பல்லாயிரவரை வாக்குச் சாவடிக்கு அழைத்துச் சென்றன. பெரிய கட்டடமும் பெரும் படிப்பும் இல்லாமலே இதனைச் செய்ய இயலும் என்பதை இது காட்டுகிறது.

நமது தூத்துக்குடியும் இவ்வகையில் வரலாறு இல்லாத ஊரன்று. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சிதம்பரனாரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்ற ஊர் இது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாக இருக்கின்றனர். எனினும் பல்லாண்டுகள் அரசுப் பள்ளியில் பணியாற்றிய அனுபவத்தில் நாம் கண்ட ஓர் உண்மையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அடிப்படை உரிமைகள் அனைத்தையும் ஒரு சொல்லும் பிறழாமல் ஒப்பிக்கும் மாணவன், தன் தெருவிளக்கு எரியாவிட்டால் எந்த அலுவலகத்தில் எவரிடம் எழுதிக் கொடுப்பது என்பதை அறியாதிருக்கிறான். அறிவு இருந்தும் அதற்குக் கை கால் இல்லை. அவ்விடத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். வாக்குக்குப் பணம் நுழைகிறது. நடிகருக்குக் கொடி கட்டுவதே பொதுத்தொண்டு என்ற மயக்கமும் நுழைகிறது.

சீனிவாசனின் காலத்தில் இல்லாத வாய்ப்புகள் இன்று நம் கையில் உள்ளன. 1989 முதல் பதினெட்டு வயது நிரம்பியவர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகத்தைக் கேள்வி கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தருவது அவர்தம் கடமை. 2008இல் மாநகராட்சியான நம் ஊரின் 60 வார்டுகளில் பட்டியல் இனத்தவர்க்கும் மகளிர்க்கும் ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு. அவ்விடங்களில் பிறர் கைப்பாவையாக ஒருவர் அமர்வதும், சட்டமறிந்த நம் மகளொருத்தி அமர்வதும் ஒன்றாகுமா? இதனை முடிவு செய்வது தேர்தல் நாளன்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் அவளுக்கு நாம் அளிக்கும் பயிற்சியே.

ஆகவே நமது சங்கம் இனிவரும் ஆண்டுகளில் மாலை நேரப் பாட வகுப்புகளோடு மாதம் ஒருமுறை குடிமை வகுப்பையும் நடத்துதல் நலம் என்று முன்மொழிகிறோம். அங்கு ஒவ்வொரு இளைஞரும் ஒரு மனுவைத் தம் கையால் எழுதப் பழக வேண்டும். ஓர் அரசாணையைப் படித்துத் தெருவாருக்கு விளக்கப் பழக வேண்டும். மாறுபட்ட கருத்துடையோர் முன்னிலையில் நின்று அமைதியாக வாதிடப் பழக வேண்டும். கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து சென்று கேட்கப் பழக வேண்டும். பெண்பிள்ளைகள் பின்வரிசையில் அமராமல் தலைமையேற்றுக் கூட்டம் நடத்தவும் பழக வேண்டும். பெரியோர்கள் அவர்கள் பேசும்போது இடைமறியாமல் கேட்கவும் பழகுதல் வேண்டும்.

முத்துக் குளிப்போர் நிறைந்திருந்த கடற்கரை நம்முடையது. மூச்சடக்கி இறங்கியவர் அள்ளி வந்த சிப்பிகள் எல்லாவற்றிலும் முத்து இருந்ததில்லை. அதற்காக அவர் மறுநாள் இறங்காமலும் இருந்ததில்லை. நாம் எழுதும் மனுக்களும் அத்தகையனவே. அன்பார்ந்த இளைஞர்களே, இம்மலரைப் படித்து முடித்ததும் உங்கள் தெருவில் நெடுநாளாகத் தீராதிருக்கும் குறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று கண்டறிந்து, அயலாரின் கையொப்பங்களுடன் ஒரு மனு எழுதுங்கள். எழுதியதன் படி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதனை எடுத்துவைத்துக்கொண்டு உங்களுடன் பேசக் காத்திருக்கிறோம்.